பேருந்துத் தரிப்பிடத்தின் சிவப்புக் கண்ணாடி

ஆய்வுகூடத்தில் என் இடத்துக்கு வந்த டோர்ஸ்டன் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் அப்போது சமையலறையில் மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுகம் விசாரித்தார், பென்ஷன் வாழ்க்கை எப்படி என்றார், பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“ஹேர் குரூஸ், நிலவறைக் களஞ்சியத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். உங்கள் பழைய சாயங்கள் எல்லாம் போகின்றன. கழிவு எடுப்பவர்கள் வர வியாழக்கிழமை டெர்மின் குறித்தாயிற்று. எதை எந்தப் பீப்பாயில் போடுவது என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.”

“எல்லாமுமா?”

“எல்லாம்தான். புதிய குழுவுக்கு இடம் வேண்டுமாம்.”

வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கையில் செதிலோடு அப்படியே நின்றேன். இத்தனை வருடம் ஜேர்மனியில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் அந்த நிலவறையைத்தான் காட்டியிருப்பேன். வேறு காட்ட எனக்கு ஒன்றுமில்லை. அதையும் தரம் பிரித்துக் கொட்டுவதற்கு என்னையே கூப்பிடுகிறார்கள். என் மனைவி ரெஜினா எட்டிப் பார்த்து, “என்னப்பா, ஆர் செத்தது?” என்றாள். ஒருவரும் சாகவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

இளமைக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னாரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வேதியியல் படிக்கப் போய், சண்டையால் பாதியில் விட்டு, அகதியாக இங்கே வந்தவன் நான். கெல்சென்கிர்ச்சனில் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். விசா நிலைத்த பிறகு, துணிச்சாயம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி கிடைத்து, ஆய்வுகூடப் பணியாளன் ஆனேன். அங்கே என் வேலை சாயம் வெளிறுவதைப் பார்ப்பது. சாயமிட்ட துணியின் பாதியைக் கறுத்த தாளால் மூடி, பலமான விளக்கின் கீழே வைப்போம். பிறகு தாளை எடுத்துவிட்டு, மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துத் தரம் போடுவோம். சில வருடங்களில் சாயப் பிரிவையே ஆசியாவுக்கு மாற்றிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆசியாவிலிருந்து வந்தவன் வேலையை ஆசியாவுக்குப் பறிகொடுத்ததை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில், சூரிய மின்கலத்துக்குச் சாயம் செய்யும் குழுவில் ஆள் கேட்டிருந்தார்கள். மின்சாரத்துக்கும் சாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. இருந்தும் போனேன். குழுத் தலைவி ஃபிராவ் டொக்டர் ஹோல்ட்கம்ப், நெட்டையான பெண்மணி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, மேசையில் ஆறிப்போன தேநீர். என் சான்றிதழ்களைப் பார்க்கவேயில்லை.

“சாயம் கடைசியில் என்ன செய்யும், ஹேர் குரூஸ்?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “வெளிறும்.”

“எப்போது வேலையைத் தொடங்கலாம்?” என்றார்.

எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் மின்சாரம் தரும், உலகைக் காப்பாற்றும் என்று சொன்னார்களாம். அதைப் பிற்பாடு ஒருநாள் அவரே சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன். அவர் முகத்தில் அதை நிச்சயமாகச் சொல்ல முடியாது.

எங்கள் மின்கலத்தை விளங்கிக்கொள்வது கடினமல்ல. சுவர்ப் பூச்சிலும் பற்பசையிலும் வெள்ளை நிறத்துக்காகச் சேர்ப்பார்களே, அந்த டைட்டானியம் ஒக்சைட்டுத் தூளைப் பசையாக்கி, கண்ணாடியில் மெல்லிதாகப் பூசிச் சூளையில் சுடுவோம். அது கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு கடற்பஞ்சு மாதிரி இறுகும். அதைச் சாயக் கரைசலில் ஊற வைத்தால் துணியைப் போலவே சாயம் பிடிக்கும். வெயில் பட்டதும் சாயம் ஓர் இலத்திரனை அந்த வெள்ளைப் படலத்துக்குக் கொடுக்கும். கொடுத்து வெறுமையான சாயத்துக்கு, அயடீன் கலந்த திரவம் ஒன்று திருப்பிக் கொடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் மின்சாரம். சிலிக்கன் தகடு கறுப்பாகவும் பாரமாகவும் இருக்கும்; எங்களுடையது எந்த நிறத்திலும் வரும், ஊடாக வெளிச்சமும் தெரியும். ஜன்னலே மின்சாரம் தரும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய கனவும்.

முதல் பல வருடங்கள் ருத்தேனியம் என்ற உலோகத்தை நடுவில் வைத்த சாயங்கள் செய்தோம். கறுப்பை நெருங்கும் கத்தரிப்பூ நிறம். அவற்றைத் தூய்மையாக்குவது மனிதனின் பொறுமையை வாங்கிவிடும். நீண்ட கண்ணாடிக் குழாயில் ஜெல்லை நிரப்பி மேலே சாயத்தை ஊற்றினால், அது பட்டை பட்டையாகப் பிரிந்து மெல்ல மெல்ல இறங்கும். நடுப்பட்டையின் நடுவை மட்டும் பிடிக்க வேண்டும். ஆசைப்பட்டு ஓரத்தையும் சேர்த்தால் முழுதும் பாழ். ஃபிராவ் டொக்டர் பக்கத்தில் வந்து நின்று, ஒரு சொல்லும் சொல்லாமல் பார்த்துவிட்டுப் போவார். அவருடைய ஆகப் பெரிய பாராட்டு, “அப்படியே விடலாம்” என்பதுதான். அதை என் வேலைக் காலத்தில் விரல் விட்டு எண்ணலாம்.

அவரிடம் இன்னொரு பிடிவாதம் இருந்தது. செய்யும் ஒவ்வொரு சாயத்திலும், ஒவ்வொரு தடவையும், கொஞ்சம் எடுத்துப் பழுப்பு நிறச் சிறு குப்பியில் அடைத்து, நிலவறையில் இருட்டில் வைக்க வேண்டும். “நாளைக்குக் கேள்வி வரும். அப்போது பதில் சொல்ல அதுதான் இருக்கும்” என்பார். குப்பிகளைக் கழுவுவதிலும் அப்படித்தான். கடைசிக் கழுவல் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் வரும்வரை அசிட்டோன் விட்டுக் கழுவ வேண்டும். வரவில்லையென்றால் தொட்டியடியில் வந்து நின்று மூக்குக்கண்ணாடியை மாட்டுவார். அதற்கு மேல் ஏச்சு தேவையில்லை.

ருத்தேனியம் எங்களைக் கைவிட்டது. அறை வெப்பத்தில் அருமையாக இருக்கும். கோடை வெயிலில் சுடும் கூரையின் சூட்டுக்குக் கொண்டுபோனால், உலோகத்தைப் பிடித்திருந்த ஒரு துண்டு கழன்றுவிடும். திரவத்தில் கிடக்கும் இன்னொன்று வந்து அந்த இடத்தில் குந்திக்கொள்ளும். எத்தனை வடிவத்தில் மாற்றிக் கட்டியும் வெளியே போகத் தகுதியான ஒன்று வரவில்லை. நாங்கள் உலோகம் இல்லாத சாயங்களுக்கு மாறினோம். அந்த நேரத்தில்தான் ஜெயந்தி வந்தா.

ஜெயந்தி திண்டுக்கல்லைச் சேர்ந்த பிள்ளை. சென்னையில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு எங்கள் குழுவுக்கு ஆராய்ச்சியாளராக வந்தவ. முதல் நாள் என்னைப் பார்த்து, “சார், நீங்க தமிழா? தேங்க் காட்!” என்றா. நான் “ஓம்” என்றேன். அந்த ‘ஓம்’ கேட்டு, நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தாவாம்.

கணவரோடு ஒத்துப்போகாமல் பிரிந்திருந்தா. இனியா என்று ஒரு மகள், திண்டுக்கல்லில் அம்மாவிடம். ஜெயந்தியின் வேலை ஒப்பந்தம் குறுகியது. அது நீடித்தால்தான் பிள்ளையைக் கூப்பிட அந்த்ராக், அதாவது விசா விண்ணப்பம், போட முடியும். பிள்ளை இங்கே முதலாம் வகுப்பில் சேர வேண்டும் என்பதுதான் அவவின் ஒரே எண்ணம். மதியச் சாப்பாட்டின்போது தினமும் மகளோடு வீடியோவில் பேசுவா. அந்தப் பிள்ளை எனக்கும் ஆய்வுகூடத்துக்கும் தெரிந்த ஆளாகிவிட்டது. “குரூஸ் மாமா, இன்னைக்கு என்ன கலர்?” என்று கேட்கும். நான் கையுறையைக் காட்டுவேன்.

சாயத்தை வடிவமைப்பது என்றால், ஒரு மூலக்கூறை மூன்று பாகமாக யோசிப்பது. இலத்திரனைக் கொடுக்கும் தலை ஒன்று, அதைக் கடத்தும் பாலம் ஒன்று, வெள்ளைப் படலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி ஒன்று. பாலத்தை நீட்டினால் நிறம் சிவப்புப் பக்கம் போகும். அளவுக்கு மீறி நீட்டினால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேலை செய்யாது. ஜெயந்தி பலகையில் வரைந்து, கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்து, பிறகுதான் குடுவையைத் தொடுவா. கொக்கியைப் பொருத்துவது கடைசிப் படி. அதற்கு முந்திய பொருள் மஞ்சளாக இருக்கும். கொக்கி சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறு வெளியேறியதும் குடுவை முழுவதும் சிவக்கும். நான் எத்தனையோ தடவை பார்த்தும், அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பேன். மஞ்சளும் சிவப்பும் வந்த இந்த இடத்தை வாசிப்பவர் மறக்க வேண்டாம்.

எங்கள் வழக்கப்படி அவவின் சாயங்களுக்கு ‘ஜே’ என்ற எழுத்தும் வரிசை எண்ணும். ஜே முப்பத்தொன்று வந்த குளிர்காலத்தில் எங்கள் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. சிறு சிறு கலங்கள் செய்து, சூட்டுப் பெட்டியில் விளக்கின் கீழே வைத்தோம். வாரம் வாரமாக அளந்தேன். இறங்கவேயில்லை. மாதங்கள் போயின, அப்போதும் சிவப்பு, அப்போதும் அதே மின்சாரம். ஃபிராவ் டொக்டர் வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு கலத்தையும் வடக்கு ஜன்னலின் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஃபிராவ் டொக்டர் ஜெயந்தி,” என்றார், “இதை அப்படியே விடலாம்.”

ஜெயந்தி என்னிடம் வந்து, “என்ன சார், நல்லாருக்குன்னு சொன்னாங்களா, இல்ல விட்டுடச் சொன்னாங்களா?” என்று பதறினா.

“பிள்ளை, இந்த வார்த்தையை வாங்க எனக்கு எத்தனை வருஷம் பிடிச்சது தெரியுமே? வீட்டுக்குப் போய் ஒரு பாயாசம் வையுங்கோ.”

நிதி தரும் குழுவினர் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வெளியில், மக்கள் பார்க்கும் இடத்தில், ஒரு பொருள் ஓடிக் காட்ட வேண்டும். ஓடினால் குழுவும் நீடிக்கும், ஜெயந்தியின் ஒப்பந்தமும் நீடிக்கும். எங்கள் நிறுவன வாசலில் இருந்த பேருந்துத் தரிப்பிடத்தின் கூரையையும் முதுகுப் பக்கத்தையும் சிவப்புக் கண்ணாடியால் போடுவதென்று முடிவானது. பகலில் சேரும் மின்சாரத்தில், பேருந்து நேரம் காட்டும் பலகை ஓட வேண்டும்.

அந்தக் கோடையில் கண்ணாடிகளைச் செய்தோம். புழுக்கமென்றால் அப்படியொரு புழுக்கம், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டேயிருந்தது. பெரிய தகடுகள், சூளையில் இருந்து எடுத்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, அடுத்த அறையில் இருந்த சாயத் தொட்டிக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். செய்முறையில் எழுதியிருந்தபடி ஒன்று விடாமல் செய்தோம். நான் ஒரு பக்கம் பிடிக்க, ஜெயந்தி மறுபக்கம் பிடித்து, “அண்ணா மெதுவா, அண்ணா மெதுவா” என்று சொல்லிக்கொண்டே வந்தா. ‘சார்’ எப்போது ‘அண்ணா’ ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். ரெஜினா வேண்டுமென்றே பஸ் மாறி வந்து அதன் கீழே நின்றாள். வீட்டுக்கு வந்து, “என்ன மாதிரி வடிவு! என்ர வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவந்து போச்சுதப்பா. பக்கத்தில நிண்ட மனுசியிட்ட, இது என்ர மனுசன் செய்தது எண்டு சொல்லிப்போட்டன்” என்றாள். நான் செய்தது இல்லை, ஜெயந்தி செய்தது என்று திருத்தினேன். ஆனால் உள்ளுக்குள் பெருமையாக இருந்ததை ஏன் மறைக்க வேண்டும்? ஒரு சாயமாவது நிலவறையைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. மறுநாள் நானும் அதன் கீழே நின்றேன்; கண்ணாடிக்கு வெளியே மழை பெய்தது, பலகை ஓடிக்கொண்டிருந்தது.

குளிர்காலம் முழுதும் வெயில் இல்லை, ஆகவே ஒன்றும் தெரியவில்லை. ஈஸ்டருக்கு முன்னால் கடைகளில் பள்ளிக்கூடச் சாமான்கள் வந்தன. இங்கே முதலாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு, ஆளுயரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கடதாசிக் கூம்பு வாங்கி, இனிப்பும் பென்சிலும் நிரப்பிக் கொடுப்பார்கள். ஜெயந்தி ஒரு சிவப்புக் கூம்பு வாங்கி வந்து ஆய்வுகூட அலுமாரிக்கு மேலே வைத்தா. “இப்பவே வாங்கிட்டேன் அண்ணா, ஆகஸ்ட்ல கெடைக்காதாம்ல?” என்றா. கிடைக்கும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நல்ல வெயில் அடித்த ஒரு காலை. நான் பேருந்தில் இருந்து இறங்கினேன். கூரைக் கண்ணாடி ஒன்றின் மூலையில் நகமளவு மஞ்சள். பறவை எச்சம் என்று நினைத்துக் கைக்குட்டையால் துடைத்தேன். அது கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. மஞ்சள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கொக்கி கழன்றுவிட்டது. கடைசிப் படி தலைகீழாகத் திரும்பி, சாயம் தான் வந்த பொருளாகவே மாறிக்கொண்டிருந்தது. அது நடக்க நீர் வேண்டும். உள்ளே எங்கிருந்தோ நீர் போயிருக்கிறது.

ஓடிப்போய்ச் சொன்னேன். ஃபிராவ் டொக்டர் ஆறிய தேநீரை வைத்துவிட்டு எழுந்து, மேலங்கிகூட இல்லாமல் வாசலுக்கு வந்தார். ஜெயந்தி பின்னாலேயே ஓடி வந்தா. அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் மஞ்சள் வந்தது, உள்ளே நகர்ந்தது. பேருந்து நேரம் காட்டும் பலகை மத்தியானத்திலேயே அணையத் தொடங்கியது. அங்கே நின்ற மக்கள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. யாருக்கு என்ன?

முதலில் ஓரத்து அடைப்பைத்தான் சந்தேகித்தோம். மழைநீர் கசிந்திருக்கும் என்று ஒரு தகட்டைக் கழற்றி வந்து சோதித்தேன். அடைப்பு அச்சொட்டாக இருந்தது, மயிரிழை ஓட்டைகூட இல்லை. அடுத்து, சாயத்தையே சந்தேகித்தார்கள். நிதிக் குழுவில் ஒருவர், அந்தப் பெண் கோடையில் அவசரமாகச் செய்த சாயம் சுத்தமாக இருந்ததா என்று கேட்டிருக்கிறார். ஃபிராவ் டொக்டர் என்னைப் பார்த்து, “நிலவறை” என்றார், அவ்வளவுதான். கோடையில் செய்த ஜே முப்பத்தொன்றின் குப்பியை எடுத்து வந்து, இருக்கும் கருவி எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தோம். குளிர்காலத்துச் சாயத்தைவிடச் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் நீர் எங்கிருந்து வந்தது?

கண்டுபிடித்தது ஜெயந்திதான். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவ, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

“அண்ணா, ஜனவரியில ரூம்ல துணி காயப்போட்டா எவ்ளோ நேரத்துல காயும்?”

“ஹீட்டர் போட்டா உடன காயும். ஏன்?”

“நாம கண்ணாடி செஞ்ச வாரம் என் சுடிதார் ரெண்டு நாளா காயல. நாத்தமே வந்துடுச்சு. அண்ணா, அந்தக் காத்து! சின்ன செல்ல சூடா எடுத்து உடனே டிப் பண்ணிடுவோம். பெரிய கண்ணாடிய நாம ரூம் தாண்டித் தூக்கிட்டுப் போனோம்ல? அது ஆறிடுச்சு. ஓரந்தான முதல்ல ஆறும்?”

சுட்ட வெள்ளைப் படலம் ஆறும்போது காற்றில் இருக்கும் ஈரத்தை எல்லாம் குடிக்கும். குளிர்காலத்தில் இங்கே சூடேற்றிய அறைக்காற்று எலும்புபோல் காய்ந்திருக்கும், குடிக்க ஒன்றுமில்லை. நாங்கள் எல்லாச் சோதனையையும் குளிர்காலத்தில் செய்தோம், கண்ணாடியைக் கோடையில் செய்தோம். ஓரம் முதலில் ஆறியது, முதலில் குடித்தது, முதலில் மஞ்சளானது. செய்முறையில் ‘சாதாரண அறை நிலைமை’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் ஃபிராவ் டொக்டர்.

அவரிடம் போய்ச் சொல்ல ஜெயந்தி பயந்தா. நான் கூடப் போனேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, “நிரூபியுங்கள்” என்றார். ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட மூடிய பெட்டிக்குள் ஆறவிட்டுச் சில கலங்கள் செய்தோம், ஈரமான அறையில் ஆறவிட்டுச் சில கலங்கள். விளக்கின் கீழே வைத்தோம். ஈரத்தில் ஆறியவை மஞ்சளாகின. மற்றவை ஆடவில்லை, அசையவில்லை. ஃபிராவ் டொக்டர் அவற்றை வடக்கு ஜன்னலில் தூக்கிப் பார்த்துவிட்டு, “சாயத்தில் பிழையில்லை. என் செய்முறையில் பிழை. நான் போய்ச் சொல்கிறேன்” என்றார். எனக்கு அந்த மனுசியின் காலில் விழலாம் போல இருந்தது. இனிச் சரி, இனி எல்லாம் சரி என்று நம்பினேன். எவ்வளவு விசரன் நான்.

அவர் நிதிக் குழுவின் கூட்டத்துக்குப் போய், பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, புதிதாக ஒரு தொகுதிக் கண்ணாடி செய்ய ஒரு கோடைகாலம் கேட்டார். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்களாம். திரும்பி வந்து எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

“அவர்கள் மறுக்கவில்லை. என் விளக்கம் சரி என்றார்கள். ஆனால் இந்தக் கேள்வியை இப்போது யாரும் கேட்பதில்லை என்றார்கள்.”

“அப்டின்னா, மேடம்?” என்று ஜெயந்தி ஜேர்மன் மறந்து தமிழிலேயே கேட்டா.

பெரோவ்ஸ்கைட் என்ற புதுப் பளிங்குப் பொருள் வந்துவிட்டது. எங்கள் துறையிலேயே பிறந்த பொருள்தான் அது, முதலில் அதையும் சாயத்தின் இடத்தில்தான் வைத்துப் பார்த்தார்கள். எங்களைவிடப் பல மடங்கு மின்சாரம். பணம் முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. எங்கள் தகடுகள் சிவப்பாகவே இருந்திருந்தால் இன்னும் சில வருடம் ஓடியிருக்கும், ஜெயந்தியின் அந்த்ராக்கும் சரிவந்திருக்கும். மஞ்சளானது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. தோற்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். சரியாகக் கண்டுபிடித்தும் ஒருவருக்கும் தேவையில்லை என்பதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

ஜெயந்தி வேறு இடங்களுக்கு விண்ணப்பித்தா. எர்லாங்கனில் ஓர் இடம் வரும்போல இருந்தது. கடைசியில், பளிங்கில் அனுபவம் உண்டா என்று கேட்டு எழுதினார்கள். ஒப்பந்தம் முடிந்தது.

டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு நானும் ரெஜினாவும் கொண்டுபோய் விட்டோம். ஜெயந்தியின் கையில் அந்தச் சிவப்புக் கூம்பு. பெட்டிக்குள் நசிந்துவிடும் என்று கையோடு எடுத்து வந்திருந்தா. பாதுகாப்புச் சோதனையில் அதைப் பிரித்து, உள்ளே இருந்த கலர் பென்சில், சொக்லேட், சின்னச் சாக்ஸ் எல்லாவற்றையும் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நாங்கள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றோம். அவ அவற்றைத் திரும்பவும் ஒவ்வொன்றாக அடுக்கி, ரிப்பனைக் கட்டி, எங்களுக்குக் கை காட்டிவிட்டுப் போனா. “அந்தப் பிள்ளை இதுக்கே படிச்சது?” என்று ரெஜினா கார் வீடு வந்து சேரும்வரை அழுதாள். நானும் அழுதேன்.

பிறகென்ன, ஃபிராவ் டொக்டர் ஓய்வுபெற்றார். போகும் நாளில் ஆய்வுகூடத்தைச் சுற்றிப் பார்த்து, எனக்குக் கை கொடுத்தார். அடுத்த வருடம் இறந்துவிட்டார் என்று அஞ்சலி அட்டை வந்தது. குழுவைக் கலைத்தார்கள். என்னை மற்றவர்களுடைய பளிங்குக் கலங்களை அளக்கப் போட்டார்கள். பென்ஷன் வரை அளந்தேன். தரிப்பிடத்தில் சாதாரண வெள்ளைக் கண்ணாடி போட்டு, பலகைக்கு வயர் இழுத்துவிட்டார்கள்.

அந்த வியாழக்கிழமை அந்தத் தரிப்பிடத்தில்தான் இறங்கினேன். டோர்ஸ்டன் நிலவறைக் குப்பிகளை மேலே ஆய்வுகூடத்துக்கு ஏற்றி, பீப்பாய்களைத் திறந்து வைத்திருந்தார், எனக்குக் கோப்பியும் பாணும் வாங்கி வைத்திருந்தார். ருத்தேனியத்தைத் தனியாக ஒதுக்கினேன், அது விலை உள்ள உலோகம், திரும்ப உருக்கி எடுப்பார்கள். மற்றவை எரிப்பதற்கு. குப்பி குப்பியாகத் திறந்து தட்டினேன். கத்தரிப்பூ, நீலம், செம்மஞ்சள், பச்சை. என் இளமை, என் கண்பார்வை, என் முதுகு எல்லாம் அதில்தான் கிடந்தன. நடுவில் ஜே முப்பத்தொன்று வந்தது, கோடையில் செய்தது. ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

திண்டுக்கல்லுக்கு அழைத்தேன். ஜெயந்தி இப்போது ஒரு கோச்சிங் சென்டரில் பிள்ளைகளை நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்கிறா. சாயம் பற்றி அவவிடம் யாரும் கேட்பதில்லை. இனியா ஒன்பதாம் வகுப்பு. விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னும் செவப்பா இருக்கா அண்ணா?”

“ஓம் பிள்ளை. நேற்றுச் செய்தது மாதிரிக் கிடக்குது.”

“இருட்டுலயே இருந்துச்சுல்ல. இருக்கும்.”

“தபாலில அனுப்ப ஏலாது, மறிச்சுப்போடுவாங்கள். நான் ஒளிச்சுக் கொண்டுபோய் என்ர வீட்டில வைக்கட்டே?”

“வேணாம்ணா. வச்சு என்ன பண்ணப் போறோம்? கொட்டிடுங்க.” பிறகு, சிரித்தாவா அழுதாவா தெரியவில்லை, “கலர் போற வரைக்கும் கழுவிடுங்க. இல்லன்னா மேடம் வந்து நிப்பாங்க” என்றா.

தூளைப் பீப்பாயில் தட்டினேன். அசிட்டோன் விட்டுக் குப்பியைக் கழுவினேன், இரத்தம் மாதிரி வந்தது. இன்னொரு முறை கழுவினேன். அதற்குப் பிறகும் கழுவினேன், ரோஜா நிறம். டோர்ஸ்டன் நேரத்தைப் பார்த்து, “போதும் ஹேர் குரூஸ், அப்படியே விடலாம்” என்றார். நான் விடவில்லை. தண்ணீர் மாதிரி வரும்வரை கழுவி, வடக்கு ஜன்னலில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் கண்ணாடி.